பெயர் வெட்டிய சொம்பு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். ஒரு பித்தளைச் சொம்பு சண்டைக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

நாற்பத்தைந்தாம் வருஷம், பங்குனி மாதம். பாலக்கரைக்குப் பக்கத்து மைதானத்தில் கொட்டகை போட்டு யுத்தக் கண்காட்சி வைத்திருந்தார்கள். பர்மா எல்லையில் எதிரியிடம் பிடித்த சாமான்களை ஜனங்களுக்குக் காட்டினார்கள்.

நானும் அம்மாவும் வரிசையில் நின்றோம்.

என் அண்ணன் நல்லதம்பி பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியவன். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு அவனிடமிருந்து கடிதமே இல்லை. மூன்று வருஷம். காணவில்லை என்று சர்க்கார் காகிதம் ஒன்று வந்தது. செத்தான் என்று வரவில்லை.

அதனால் அம்மா தினமும் பத்து மணிக்கு வாசலில் நிற்பாள். தம்பிகிட்டேருந்து ஏதும் வந்துச்சாங்க என்று தபால்காரர் ராமரைக் கேட்பாள். ராமர் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை மிதிப்பார்.

அவன் போன திக்கின் மண்ணையாவது கண்ணால் பார்க்கலாம் என்றுதான் அம்மா கண்காட்சிக்குக் கிளம்பினாள்.

துப்பாக்கி, தொப்பி, கிழிந்த கூடாரம். எல்லாவற்றையும் சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பது போல நின்று நின்று பார்த்தாள். ஜப்பான்காரனுக்கு இவ்வளவு சின்னத் தலையா என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசியில் மண் மூட்டைகளை அடுக்கி ஒரு பதுங்குகுழி மாதிரி செய்திருந்தார்கள். மூட்டையில் இருப்பது அந்த மலை மண்ணேதானாம். அதன்மேல் ஒரு பித்தளைச் சொம்பு.

அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. குண்டு பட்டதோ என்று யாரோ கேட்டார்கள்.

கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் உளியால் தட்டித் தருவார்களே, அதே போல. எழுத்தெல்லாம் மண் அடைத்திருந்தது.

விளக்கம் சொல்ல ஒரு ஹவில்தார் நின்றார்.

"இவனுங்க நம்ம ஆளுங்கதாம்மா. ஜப்பான்காரன்கிட்ட பிடிபட்டு, அப்புறம் அவனோடவே சேர்ந்துக்கிட்டு நம்ம மேலயே சுட்டானுங்க. இந்தக் குழியில ஒருத்தனும் மிஞ்சல."

சொம்பு யாருடையது என்று தெரிந்தால் சொல்லச் சொன்னார். ஆளைக் குறித்துக்கொள்ளும்படி மேலிடத்து உத்தரவாம்.

மண்ணுக்கு வெளியே முதல் எழுத்தின் கொம்பும் கடைசி எழுத்தின் புள்ளியும்தான் தெரிந்தன. எனக்கு அது போதும்.

பொன்னுத்தாய். என் பெயர்.

எனக்கென்று அப்பா வாங்கிப் பெயர் வெட்டிய சொம்பு அது. கிளம்பிய அன்று அண்ணன் தன்னுடையதை வைத்துவிட்டு இதைப் பிடுங்கிக்கொண்டான். காவல் நிற்கும்போது கண்ணைச் சொக்கினால் என் பெயரைப் பார்த்துக்கொள்வானாம். நான் போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வந்து தூக்கம் ஓடிவிடுமாம்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பேருடி போட்டிருக்கு?"

"யாரோ பேரும்மா. தெரியல."

என்னுடையது என்றால் அண்ணன் எதிரிப் படையில் இருந்தவன் ஆகிவிடுவான். போலீஸ் வாசலுக்கு வரும். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அவன் செத்துப்போனதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு மூட்டை ஓரத்தில் கிழிந்திருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எதற்கு என்றேன். செம்பருத்திச் செடிக்கு என்றாள்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனாள். அம்மா மண்டபம் என்கிற காவேரிப் படித்துறையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். பத்து மணிக்கு எப்போதும் போல வாசலில் நின்று ராமரைக் கேட்டாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஊர் மாறிப்போயிற்று. வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றவர்கள் என்று, ஜப்பான்காரனோடு சேர்ந்த அதே படைக்காரர்களுக்குக் கடைவீதியில் ஜே போட்டார்கள். ஹனீஃபா பாய் தன் ஜவுளிக்கடையில் அவர்கள் படத்தை மாட்டி மாலை போட்டார். எங்கள் அண்ணனும் அதில் ஒருத்தன் என்று நான் நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கலாம்.

கத்தவில்லை. கத்தினால் மறுநாள் அம்மா வாசலில் நிற்கமாட்டாள்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அவள் கேட்பாள், ராமர் தலையை ஆட்டுவார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாற்பத்தெட்டில் அம்மா படுத்துவிட்டாள். போவதற்கு முந்தின நாள் என்னைக் குனியச் சொன்னாள்.

"அடியில நசுங்கியிருந்துச்சே, அது ஏழு வயசுல நீ கிணத்தடியில போட்டதுடி. எழுத்துதான் தெரியாது, எனக்குச் சொம்பு தெரியாதா? அந்த மண்ணை மறுநாளே காவேரியில கரைச்சிட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"எனக்காகத்தானே பொய் சொன்னே. அது வீணாப் போகக் கூடாதுன்னுதான் தினம் தபால்காரரைக் கேட்டேன்."

ஒரே வீட்டுக்குள் ஒரே சாவுக்குத் தனித்தனியாக அழுதிருக்கிறோம், கண்ணுகளா. அவள் மடியில் தலை வைத்து ஒரு தடவை சேர்ந்து அழுதிருக்கலாம்.

சரி, எழுந்து போங்கள், உங்கள் அம்மாமார் தேடுவார்கள். உங்கள் வீட்டை விட்டு வெளியே போகிற சொம்பெல்லாம், எடுத்துக்கொண்டு போன கையோடேயே திரும்பி வரட்டும்.