மூடி திறந்துதான் இருக்கு

"அடடா, மறுபடியும் தூங்கிடுச்சா?" என்று உச்சுக்கொட்டினார் மாமனார். மாப்பிள்ளை லேப்டாப்பில் கை வைத்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, திரை கறுத்துப்போனது.

இப்படி நடப்பது இது நான்காவது ஞாயிறு. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸில் புதுப் பதிப்பு வந்துவிட்டால், அதைச் சொந்தபந்தம் அத்தனை பேர் கம்ப்யூட்டரிலும் ஏற்றாமல் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்காது. பாக்கி இருந்தது மாமனாருடையது மட்டும்தான்.

"வாரம் பூரா இதுலதான் செஸ் ஆடறேன். ஒரு தடவைகூடத் தூங்கலையே மாப்ளே!"

"உள்ளுக்குள்ள ஏதோ கோளாறு மாமா. புதுசு போட்டா சரியாயிடும்."

போன தடவை புதுசு போட்டபோது பிரிண்டர் படுத்துக்கொண்டது. அதற்கு முந்தின தடவை சத்தமே போய்விட்டது, செஸ்ஸும் இரண்டு வாரம் காணாமல்போனது. ஆனாலும் மாமனார் ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை.

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதருக்கு அவ்வளவு பொறுமை. மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு வலி என்று கேள்விப்பட்டதும், போன மாதம் தானே கடைக்குப் போய் ஒரு காந்தக் காப்பு வாங்கிவந்து, தன் கையாலேயே மாட்டிவிட்டார். இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்!

மாப்பிள்ளையின் போன் அடித்தது. மனைவி.

"இன்னிக்காவது முடியுமா, முடியாதா? முடியலைன்னா இனிமே லினக்ஸ்ங்கிற பேச்சே நம்ம வீட்ல வரக்கூடாது."

மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. மானம் போகிற விஷயமாயிற்றே! பட்டனை அமுக்கி லேப்டாப்பை எழுப்பி, அது தூங்கிய காரணத்தைத் தோண்டியெடுத்தார்.

"மாமா, இங்க பாருங்க. மூடியை மூடிட்டாங்க, அதான் தூங்கினேன்னு பதிவாகியிருக்கு!"

"மூடி திறந்துதானே இருக்கு?"

"அதான் சொல்றேன், பச்சைப் பொய்!"

மூடினாலும் தூங்காதே என்று கட்டளை கொடுத்துவிடலாம் என்று வேகவேகமாகத் தட்டினார். பாதிக் கட்டளையிலேயே தூங்கியது. எழுப்பினார், தூங்கியது. பதினோராவது தடவை அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது இயந்திரமே இல்ல மாமா, பிசாசு! இனிமே இதுல நான் கை வைக்கிறதா இல்ல. இருக்கிறபடியே இருக்கட்டும்."

"சத்தியமாவா?"

"உங்க பொண்ணு மேல சத்தியமா!"

மாமனார் பெருமூச்சு விட்டார். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து எழுப்பி, செஸ்ஸைத் திறந்தார். அது சமர்த்தாக விழித்திருந்தது.

"மனசை விட்டுடாதீங்க மாப்ளே," என்றபடி குதிரையை நகர்த்தினார். "எங்க லிஃப்ட் கதவும் இப்படித்தான். பக்கத்துல ஒரு காந்தத்தைக் கொண்டுபோனாப் போதும், மூடியாச்சுன்னு நெனச்சுக்கும்."

மாப்பிள்ளை மெல்லக் குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"காப்பை இனிமே கழட்டிடலாம், மாப்ளே."