திருடு போன ஓட்டு

“ஸாரி அங்க்கிள், ஆன்ட்டிக்கு இங்க ஓட்டுப் போட முடியாது. அவங்க ஓட்டு ஏற்கெனவே வந்தாச்சு.”

மேஜைக்குப் பின்னால் இருந்த சண்முகப்ரியா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சர் ஊரின் அந்தப் பள்ளிக்கூட ஜிம்மில் அன்று தேர்தல் வேலை பார்த்தவர்களில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஞானசீலனுக்கு முதலில் புரியவில்லை. “வந்தாச்சுன்னா? இப்பதானே உள்ளயே வர்றோம்!”

“தபால்ல வந்திருக்கு அங்க்கிள். கிருபாராணி ஞானசீலன். அட்ரஸ், பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்கு. கம்ப்யூட்டர்ல ரிசீவ்டுன்னு காட்டுது.”

“அது எப்படி? வீட்டு மெயில்பாக்ஸை நான்தான் தினமும் திறக்கிறேன். எந்த பேலட் பேப்பரும் வரலையே!” அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “ராணி, நீ எதுக்காவது அப்ளை பண்ணியா?”

கிருபாராணி கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். முகம் வெளிறியிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார். ஜில்லென்றிருந்தது.

“பயப்படாத. நான் இருக்கேன்ல?” என்றவர் சண்முகப்ரியாவிடம் திரும்பினார். “பாரும்மா, இவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. டேகேர்ல வேலை பார்க்கிறா, அங்க குழந்தைங்களோட பேசுவா, அவ்வளவுதான். சிட்டிசன் ஆனதிலேர்ந்து ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் நான்தான் லீவு போட்டுக் கூட்டிட்டு வர்றேன். கூடவே நின்னு எதை அமுக்கணும்னு காட்டுவேன். இன்னிக்கும் தலை வலிக்குது, வரலைன்னுதான் சொன்னா. ஒரு ஓட்டுகூட வீணாகக் கூடாதுன்னு டேகேர் வாசல்லேர்ந்து நேரா இழுத்துட்டு வந்தேன். வந்து பார்த்தா, எவனோ போட்டுட்டுப் போயிட்டான்!”

கடைசி வார்த்தைகள் உயரமான கூரையில் பட்டு எதிரொலித்தன. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கப் போக, சண்முகப்ரியா எழுந்துபோய்த் தடுத்துவிட்டு வந்தாள்.

“கள்ள ஓட்டுப் போடறாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்தப்போ நான்கூட நம்பலை,” என்றார் ஞானசீலன். “சர்ச்ல எல்லார்கிட்டயும், அமெரிக்காவுல இதெல்லாம் நடக்காதுன்னு சண்டை போட்டேன். இப்ப என் வீட்டுலயே கை வெச்சுட்டாங்க. இந்த சிட்டிசன்ஷிப்புக்காக எத்தனை வருஷம் காத்துக்கிடந்தோம் தெரியுமாம்மா?”

அது நடிப்பில்லை. அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

“என்னங்க, வாங்க போகலாம்,” என்றாள் கிருபாராணி. “ஒரு ஓட்டுதானே.”

“ஒரு ஓட்டா? விட்டுட்டுப் போகச் சொல்றியா? போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுக்கணும். கையெழுத்தைச் செக் பண்ணினா போட்டவன் எவன்னு தெரிஞ்சுடும். ஜெயிலுக்கே போகட்டும்!”

“போலீஸெல்லாம் வேண்டாங்க.”

“உனக்கு விவரம் தெரியாது. சும்மா இரு.”

சண்முகப்ரியா ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “அங்க்கிள், ஒரு வழி இருக்கு. ஆன்ட்டி இப்ப பேப்பர்ல ஓட்டுப் போட்டு இந்தக் கவர்ல வெச்சுத் தரலாம். அப்புறமா விசாரிப்பாங்க. தபால்ல வந்தது போலின்னு தெரிஞ்சா, இதை எண்ணுவாங்க. ஆனா கவர் மேல இருக்கிற உறுதிமொழியில ஆன்ட்டி கையெழுத்துப் போடணும்.”

“அவ்வளவுதானே? கொடும்மா.” ஞானசீலன் பேனாவை மனைவியின் விரல்களுக்குள் திணித்தார். “கீழ அந்தக் கோட்டுல போடு ராணி. பேப்பர்ல எதை ஷேட் பண்ணணும்னு நான் காட்டறேன்.”

கிருபாராணி கையெழுத்துப் போடவில்லை. கவரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொடி எழுத்தில் இருந்த ஆங்கில வரிகளின் கீழே அவள் விரல் மெல்ல நகர்ந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

“அதையெல்லாம் படிச்சுட்டு இருக்காத. எல்லாம் வழக்கமா இருக்கிறதுதான். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பார்.”

விரல் ஒரு வரியில் நின்றது.

“இந்தத் தேர்தலில் நான் வேறு எந்த வகையிலும் ஓட்டுப் போடவில்லைன்னு சத்தியம் பண்ணச் சொல்லுது,” என்றாள்.

“ஆமா. பண்ணு. அதுதானே உண்மை?”

அவள் பேனாவை மேஜைமேல் வைத்தாள். உருண்டு போகாமல் ஒரு கணம் விரலால் பிடித்துக்கொண்டாள். பிறகு கணவரைப் பார்க்காமல் சண்முகப்ரியாவைப் பார்த்துப் பேசினாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா பொய் சத்தியம் ஆயிடும்மா. யாரையும் விசாரிக்க வேண்டாம்.”

“ராணி, என்ன உளர்றே?”

இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கவில்லை.

“தபால்ல வந்திருக்கிறது என் கையெழுத்துதாங்க. டேகேர் அட்ரஸுக்கு வரவழைச்சு, நானே படிச்சு, நானே போட்டேன். நான் சிட்டிசன் ஆனதுக்கப்புறம் நான் போட்ட முதல் ஓட்டு அதுதான்.”