நான்காவது முறை

ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் காலை வெயில் டிக்கெட் இயந்திரத்தின் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அந்த அம்மாள் ஒரு கையால் திரைக்கு நிழல் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலால் எழுத்துகளைத் தொடுகிறாள். போக வேண்டிய ஊரைத் தேடி முடிப்பதற்குள் திரை மூன்றாவது முறையாகத் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. இந்த இயந்திரம் நிற்கும் இடத்தில்தான் அவளுடைய ஜன்னல் இருந்தது. முப்பத்தொரு வருஷம் அதன் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள் அவள். ஊர்ப் பெயர் காதில் விழுந்ததுமே விரல் தானாகச் சரியான டிக்கெட்டுக்குப் போய்விடும்.

“சீக்கிரம்மா, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறோம்!” என்று வரிசையில் ஒருவர் அலுத்துக்கொள்கிறார். அவளுக்குச் சுருக்கென்கிறது. ஊர்ப் பெயர் சொல்லத் தடுமாறியவர்கள் மேல் அவள் எரிந்து விழுந்ததும் இதே வார்த்தைகளால்தான். எத்தனை முகங்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே சுண்டிப்போயிருக்கும்!

“தள்ளுங்க ஆன்ட்டி, நான் போட்டுத் தர்றேன்” என்கிறாள் அடுத்து நிற்கும் கல்லூரிப் பெண்.

“இன்னிக்கு நீ போட்டுத் தருவே. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்கார், நாளைக்கும் நான் போகணுமேம்மா.” வரிசையைத் திரும்பிப் பார்க்கிறாள். “மன்னிச்சுக்குங்க. இன்னும் ஒரே ஒரு தடவை.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தொடுகிறாள். இயந்திரம் கரகரவென்று முனகி, டிக்கெட்டை வெளியே தள்ளுகிறது. அதை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தை நோக்கி விரைந்தவள், நின்று அந்தப் பெண்ணின் பக்கம் திரும்புகிறாள்.

“நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து பாரு, ஒரே நிமிஷத்துல எடுத்துக் காட்டறேன்!”