கிளேஸ் பூசாத ஜாடி

“சம்பந்தி, உங்க பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. இல்லன்னா என் உசுரு போயிடும்.”

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி வந்த கொளஞ்சிநாதனுக்கு இன்னும் வியர்வைகூடக் காயவில்லை. எதிரே விருத்தாசலம் சம்பந்தி கோதண்டபாணி, ஓய்வு பெற்ற விலங்கியல் வாத்தியார்.

“அப்படி என்னங்க தப்பு பண்ணிச்சு?”

“உப்பு! டாக்டர் உப்பைக் கொறைக்கச் சொல்லி ஆறு மாசம் ஆவுது. பிரஷர் எறங்கவே மாட்டேங்குது. சமைக்கிறது உங்க பொண்ணு. வேற யாரு போடுவா?”

மகள் கயல்விழி சமையலறை வாசலில் நின்றாள்.

மாமியார் விருத்தாம்பாள்தான் மெல்லச் சொன்னாள். “கொழம்புல உப்பே இல்லீங்க. நீங்க சாப்புடாத உப்பு எனக்கு எதுக்குன்னு நானும் அதத்தான் சாப்புடுறேன். சப்புன்னுதான் இருக்குது.”

“உன் நாக்குக்கு என்ன தெரியும்? செல்லுக்குத் தெரியும்.”

வாத்தியாருக்கு எதிரே ஆள் உட்கார்ந்துவிட்டால் போதும், வகுப்பு ஆரம்பித்துவிடும்.

“நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சவ்வு இருக்குது சம்பந்தி. மெல்லிசான சொவருன்னு வெச்சிக்குங்க. அதுல பம்பு இருக்குது. உள்ள வர்ற சோடியத்தை வெளிய எறைக்கும். பொட்டாசியத்தை உள்ள இழுக்கும்.”

“நம்ம கொல்லையில ஓடுற மோட்டாரு மாதிரிங்களா?”

“அதேதான். உப்பு அதிகமானா பம்பு திணறும். ரத்தக்கொழாய் இறுகும். பிரஷர் ஏறும். மனுசன்கிட்ட மறைக்கலாம், செல்லுகிட்ட மறைக்க முடியுமா?”

கொளஞ்சிநாதனுக்குப் பாடம் பாதிதான் புரிந்தது. மகள் வாழாமல் வீடு திரும்பப் போகிறாள் என்பது முழுதாகப் புரிந்தது. தள்ளாடி எழுந்தவர், பக்கத்துப் புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டார். அங்கே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு பூசாத ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி. அழகுக்கு என்று வாத்தியார் ஊரிலுள்ள செராமிக் தொழிற்பேட்டையில் கேட்டு வாங்கி வந்தது.

“சம்பந்தி, அதத் தொடாதீங்க. இந்த வூட்ல என்னைத் தவிர யாரும் அதத் தொட மாட்டாங்க.”

சொல்வதற்குள் கை பட்டுவிட்டது. விரலெல்லாம் வெள்ளைத் தூள். கொளஞ்சிநாதன் மோந்து பார்த்தார். நாக்கில் வைத்தார்.

“உப்பு பூத்திருக்குதுங்க.”

மூடியைத் திறந்தார். உப்புத் தண்ணீரில் மாவடு மிதந்தது.

கிளேஸ் பூசாத ஜாடியில் உப்பு கசியும் என்று இந்த ஊரில் யாரும் ஊறுகாய் போடுவதில்லை. அதனாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று வாத்தியார் கணக்குப் போட்டிருந்தார். செல்லின் சுவரைப் படித்தவர், ஜாடியின் சுவரை மறந்துவிட்டார்.

விருத்தாம்பாள் புருஷனையே பார்த்தாள். ஆறு மாசமாகச் சப்பென்று தின்ற வாய்.

“நேத்துதான்... சும்மா ருசிக்கு...” என்று இழுத்தார் வாத்தியார்.

கயல்விழி முதல்முறையாக வாய் திறந்தாள்.

“இல்ல மாமா. அத்தை பாத்தா மனசு ஒடஞ்சிடுவாங்கன்னு, நீங்க வாக்கிங் போனதும் தெனமும் அந்த உப்பைத் தொடைச்சு வெச்சது நான்தான். இன்னிக்கு மட்டும்தான் தொடைக்கல.”