ராசியான பேரு

"ஆஸ்பத்திரி பில்லுல பிரயூன்னு இருக்கு. அடையாள அட்டையில தனவத்னு இருக்கு. படுத்திருந்தது யாரு, அக்கா?"

இன்சூரன்ஸ் கம்பெனியின் கோன்கேன் ஊர்க் கிளையில் வீரயுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டும் என் வீட்டுக்காரர்தான் தம்பி," என்றாள் ரம்பை. "பித்தப்பையில கல்லு வந்ததே பழைய பேரோட ராசியாலதான்னு பிக்கு சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மாத்திட்டோம்."

"பணம் வந்தப்புறம் மாத்தியிருக்கக் கூடாதா?"

"அதுக்குள்ள அடுத்த கல்லு வந்தா, நீங்களா வந்து படுப்பீங்க?"

பேர் மாற்றின சான்றிதழ் கேட்டான். கொண்டுவந்தாள். டாக்டர் கையெழுத்து கேட்டான். வாங்கிவந்தாள். முத்திரை மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினான்.

மறுவாரம் சிரித்த முகமாக வந்து நின்றாள்.

"பிக்குகிட்ட கேட்டுட்டேன் தம்பி. பணம் வராம இழுக்கறதுக்கும் பேருதான் காரணமாம். வேற பேரு சொல்லியிருக்கார். பூரித்!"

"ஐயோ, மறுபடியுமா? அந்த மனுஷனுக்கு இன்னும் எத்தனை பேருதான் வைப்பீங்க?"

"அவருக்கு எதுக்கு? இது உங்களுக்கு."

"எனக்கா?"

"உங்க பேராலதான் ஃபைல் நகர மாட்டேங்குதாம். பதவி உயர்வும் தள்ளிப் போகுதாமே? கல்யாணமும் தட்டிப் போகுதாமே?"

வீரயுத் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த பிக்கு எந்த விகாரையில இருக்கார்?" என்றான்.

பத்து நாளில் ரம்பையின் ஃபைல் பாங்காக் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே அங்கிருந்து போன் வந்தது.

"பணம் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து போட்டிருக்கானே, யாருய்யா அந்தப் பூரித்? அப்படி ஒரு ஆளே நம்மகிட்ட இல்லையே!"