ஆள் மாற்றம்

ஆஸ்டின் டவுன் காப்பிக் கடையில் சிரிலுக்கு இன்று முதல் நாள். யுத்த காலத்து ஆள் பஞ்சத்திலும், அவனுடைய சூம்பிய காலைப் பார்த்தே ஆறு ஹோட்டல்களில் அனுப்பிவிட்டார்கள். இந்த முதலாளி ஹெர்பர்ட் மட்டும், கல்லாவில் உட்கார்ந்தபடியே, "தம்ளர் தளும்பாம நடப்பியா?" என்று கேட்டதோடு சரி. காலையிலிருந்து ஒரு தம்ளரும் தளும்பவில்லை.

புதிதாக வந்த கோட்டுக்காரர் கல்லாவைப் பார்த்துச் சொன்னார்: "என்னய்யா, நொண்டி கையில காப்பி கொடுத்து அனுப்பறே? குடிக்கவே மனசு வரலை. வேற ஆளை அனுப்பு."

சிரில் வைத்த தம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஏழாவது இடமும் போய்விட்டது, மத்தியானம்கூட ஆகவில்லை.

"சரிங்க சார், ஆளை மாத்திடறேன்," என்றார் ஹெர்பர்ட். "சிரில், நீ வந்து கல்லாவில உட்காருப்பா."

கல்லாவிலா? புரியாமல் போய் நின்றான். ஹெர்பர்ட் மேஜைக்கு அடியிலிருந்து ஊன்றுகட்டையை எடுத்துக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு எழுந்தார். அவருடைய வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. ஒரே கையில் காப்பியோடு கடை நீளத்துக்கும் நடந்து, சொட்டுச் சிந்தாமல் கோட்டுக்காரர் முன் வைத்தார்.

"இங்கே காப்பி கொண்டுவர நாங்க ரெண்டே பேர்தான் சார். நாளைக்கு வந்தா சிரில்தான் கொண்டுவருவார். சர்க்கரை போதுமா, பாருங்க."