இரண்டு அங்குலம்

டெட்ராய்ட் அரங்கில் புதிய தலைமுறை ஸ்போர்ட்ஸ் காரின் திரையை விலக்கினார்கள். எல்லோரும் அதன் முகப்பைப் படமெடுக்க, வடிவமைத்தவர்களில் ஒருத்தியான எழினி கதவுக்குக் கீழிருந்த விளிம்பையே பார்த்தாள். இதே காரின் பழைய மாடலைவிட அது இரண்டு அங்குலம் தாழ்வு. விபத்தில் இடக்காலை இழந்த அவள் கணவன் மாறன், தன்னிடமிருந்த அந்தப் பழைய மாடலில் ஏறி இறங்க முடியாமல் அதை விற்றிருந்தான்.

எழினி முதலில் இதை வரைந்து காட்டிய நாளில், இந்த மாற்றம் எதற்கு என்று குழுவில் எல்லோரும் கேட்டபோது, தலைமை வடிவமைப்பாளர் மார்த்தா மட்டும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

இப்போது அரங்கில் மாறன் புதிய காருக்குள் உட்கார்ந்து பார்த்தான். இறங்கும்போது எழினி கை நீட்டினாள்.

"வேணாம் எழினி, நானே இறங்கிக்கிறேன்."

செயற்கைக் கால் எங்கும் இடிக்காமல் தரையைத் தொட்டது. எழினி நன்றி சொல்ல மார்த்தாவைத் தேடினாள். அவர் மேடையோரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மூக்குக்கண்ணாடியை வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.